லோர்னா வைத்த சுவர்

லோர்னா கூபியாக்கை நான் முதலில் பார்த்தது ஒரு பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே. ஆரஞ்சு நிற வேலைக் கோட்டும் முழங்கால் வரைக்கும் பூட்ஸுமாக நின்றிருந்தார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, பளபளவென்று மெழுகு போட்டிருந்த தரையில் சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. ஜிம் காவலாளி துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்று பெருமூச்சு விட்டார். லோர்னா அவரைப் பார்த்து, "இருங்க, ஒரு ஓரமா உருகிக்கிறேன்" என்றார்.

விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊரான டெல்மர் ஃபால்ஸில் ஜனவரி பிறந்ததும் பள்ளிச் சந்தை என்று ஒரு மாலை நடக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் வருவார்கள். பள்ளி மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளிகள் மூன்று: பர்ச் ஹில், லேக்சைட், ஹாலிஸ்டர். மூன்றும் அரசுப் பள்ளிகள்தான். பிள்ளையை எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆனால் மாதம் முடிவதற்குள் எது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. அதனால் அந்த ஒரு மாதம் ஊரில் கறிக்கடையிலும் சர்ச்சிலும் ஐஸ் ஹாக்கி மைதானத்திலும் வேறு பேச்சே இருக்காது.

நான் மாவட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. மூன்று பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு அட்டை தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். கணக்கு மதிப்பெண், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், இசைக்குழு உண்டா, பஸ் எந்த வழியாகப் போகும், எல்லாம் வண்ண வண்ணக் கட்டங்களில். நான் பிறந்து வளர்ந்த எல்க் ரன்னில் ஆறு பால் பண்ணை, ஒரு சர்ச், ஒரு பீர் கடை. பள்ளி ஒன்றே ஒன்று. எந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய பிறகு நான் செய்த முதல் காரியம் இந்த அட்டை. அதில் ஒன்றை அம்மா வாங்கிக்கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை யாரும் இல்லை என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

லோர்னா என் அட்டையை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு திரும்பவும் மேலே போனார்.

"நீதானே இதை எழுதினது?"

"ஆமாங்க. வெண்டல்னு பேரு."

"நல்லா இருக்கு கண்ணு. கலரெல்லாம் போட்டிருக்க. ஆனா முக்கியமான ஒண்ணை விட்டுட்ட."

"என்னதுங்க?"

"மத்தியானம்."

"கடைசிக் கட்டத்துல இருக்கே. மூணு பள்ளியிலயும் சூடான சாப்பாடு..."

"என்ன போடுறாங்கன்னு கேக்கல. யார் பக்கத்துல யார் உக்காருறாங்க? தனியா உக்காருற பிள்ளைய யாராவது கவனிக்கிறாங்களா? அது எந்தக் கட்டத்துல இருக்கு?"

அந்தக் கட்டம் எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, கோட்டுத் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்த ஒரு பெண், "அம்மா, போலாம்மா, மானம் போகுது" என்றாள். அது ஜூனி. ஒரே மகள்.

"சரி, அதை விடு. மூணுல எது நல்ல பள்ளி?"

"அதை நாங்க சொல்லக் கூடாதுங்க. விதி."

"வாயாலதானே சொல்லக் கூடாது? நான் ஒவ்வொரு பேரா சொல்றேன், உன் மூஞ்சிய மட்டும் பாக்குறேன். பர்ச் ஹில்?"

நான் கூடைப்பந்து வளையத்தைப் பார்த்தேன்.

"லேக்சைட்?... இப்படி அண்ணாந்து பாத்தா எப்படிக் கண்ணு? கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

அப்படித்தான் பழக்கமானோம்.

லோர்னா கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். முன்னால் ஆள் உயரத்துக்கு இரும்பு பிளேடு, பின்னால் உப்பு தூவும் பெட்டி. பனி கொட்டினால் ஊர் எழுவதற்கு முன்னால் அவர் ரோட்டில் இருக்க வேண்டும். கோடையில் அதே லாரியில் தார் ஏற்றிப் போய் ரோட்டுக் குழிகளை அடைப்பார். புருஷன் ஃப்ளோரிடாவுக்குப் போய் நாளாயிற்று. அவரைப் பற்றிக் கேட்டால், "அவருக்குக் குளிர் ஒத்துக்காது" என்பதோடு முடித்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே மீன் வறுவல் சாப்பிடப் போகும். போலிங் விளையாடும் இடத்தில் ஒரு நீள மேஜையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த லோர்னா, ரை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மத்தியானக் கதையைச் சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் பண்ணையை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தது. புதுப் பள்ளியில் ஒருத்தரையும் தெரியாது. மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு எந்த மேஜையில் உட்காருவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். ஒரு மேஜையில் ஒருத்தி நாற்காலிமேல் பையை வைத்து, "ஆள் வருது" என்றாளாம். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து சீஸ் ரொட்டி கொண்டுபோய், இசைக்குழு சாமான் அறையில் பெரிய முரசுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு வருஷம் முழுக்க.

"ஒரு தடவை ஒரு பையன் நான் இருக்கிறது தெரியாம வந்து முரசை டம்முனு அடிச்சான் பாரு. ரொட்டி அப்படியே அந்தரத்துல" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்தபின் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "ஜூனியோட ஒரே சிநேகிதி இலையுதிர் காலத்துல மில்வாக்கி போயிட்டா. இப்ப யாரோட சாப்பிடுறேன்னு கேட்டா ‘பரவால்ல’ங்கிறா. யாரோட-ன்னு கேட்டா பரவால்லன்னா என்ன பதில் அது? சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து பாக்குறேன், காலியா இருக்கு. பேச ஆளில்லாத பிள்ளை டப்பாவைச் சுத்தமா காலி பண்ணிடும் வெண்டல். எனக்குத் தெரியும்."

அதனால் அவர் பள்ளிகளைப் பார்க்கப் போனதெல்லாம் மத்தியான நேரத்தில்தான். ஷிப்டு முடிந்து ஆரஞ்சுக் கோட்டோடு போவார். கோட்டைப் பார்த்ததும் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர் என்று நினைத்து யாரும் தடுப்பதில்லை. அவராகவே அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, தட்டோடு வரிசையில் நிற்பார். கவுண்டி லாரி ஷெட்டில் மெக்கானிக் ரஸ் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "லோர்னா, நீ பள்ளிக்கூடம் பாக்குறியா, ஓசிச் சாப்பாடு பாக்குறியா?" "ரெண்டு டாலர் குடுத்துத் திங்கிறேன்டா. உன்னைப் போல அடுத்தவன் டோநட்டையா திங்கிறேன்?"

பர்ச் ஹில்லில் உட்காரும் இடத்தைப் பேர் வரிசைப்படி எழுதி ஒட்டியிருந்தார்கள். "தனியா ஒரு பிள்ளை இல்ல. ஆனா ஒருத்தரும் பேசிக்கல. பஸ்ஸுல பக்கத்து சீட்டு மாதிரி உக்காந்திருக்குங்க" என்று வந்து சொன்னார். லேக்சைட்டில் சத்தம் காதைப் பிளந்தது. அத்தனை கும்பலிலும் ஜன்னலோரம் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் லோர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், தன் உருளைக்கிழங்கு உருண்டையில் பாதியை அவன் தட்டில் வைத்தார். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆன்ட்டி, இந்தப் புத்தகத்தை முடிக்கத்தான் ஃப்ரெண்ட்ஸை அந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றானாம்.

"தள்ளி உக்காந்தியா?" என்று கேட்டேன். அதற்குள் எனக்கு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது.

"பின்ன? புள்ளை படிக்குது."

மூன்றாவது பள்ளி ஹாலிஸ்டர். அங்கே மட்டும் போகமாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டபோது, தொழில்காரர்கள் தொழிலைப் பற்றிப் பேசும்போது வருமே ஒரு கண்டிப்பு, அது குரலில் வந்தது.

பனி லாரி ரோட்டைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது பனி எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கும். வழியில் வீட்டு வாசல் எது, பள்ளி வாசல் எது என்று பிளேடுக்குத் தெரியாது. எல்லா வாசலிலும் வரப்பு மாதிரி ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். அதற்காக ஊரில் லாரி ஓட்டுகிறவர்களைத் திட்டாத வாய் இல்லை. ரோடு எங்கள் வேலை, வாசல் உங்கள் வேலை என்பது லாரிக்காரர்களின் பதில்.

"விவரமான இடமா இருந்தா நான் ரெண்டாவது சுத்து வர்றதுக்குள்ள வரப்பை எடுத்திருப்பாங்க. ஆஸ்பத்திரியில எடுத்துடுவாங்க. பர்ச் ஹில்லுல எடுத்துடுவாங்க. ஹாலிஸ்டர்ல நடந்து வர்ற பிள்ளைங்க வாசல் என் ரோட்டுலதான் இருக்கு. விடிஞ்சு நான் திரும்ப வரும்போதும் வரப்பு அப்படியே நிக்கும். வரப்பா அது? நாலு சுத்து விழுந்தா சுவரு! மெஷினை வெச்சு ஒரு தள்ளு தள்ளினா போச்சு, அதுக்குக்கூட ஆளில்ல. வாசலைப் பாத்துக்கத் தெரியாதவங்க உள்ள இருக்கிற பிள்ளையை எப்படிப் பாத்துக்குவாங்க?"

எனக்கும் அந்தச் சுவர் சங்கதி தெரியாது. நான் ஹாலிஸ்டருக்குப் போனபோதெல்லாம் கார்கள் போகிற முன்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறேன். "ஒரு தடவை உள்ள போய்த்தான் பாரேன்" என்றேன். "பர்ச் ஹில்லுன்னு முடிவு பண்ணிட்டேன். பேசாட்டியும் பக்கத்துல ஆளாவது இருக்கும்" என்றார். தொப்பிக்குள்ளிருந்து ஜூனி, "பரவால்ல" என்றாள்.

ஆனால் லோர்னா முடிவு செய்துவிட்டாலும் நிழல் நாள் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் பின்னாலேயே நிழல் மாதிரி நாள் பூரா சுற்ற வேண்டும். ஹாலிஸ்டர் நிழல் நாளுக்கு முந்தைய ராத்திரி பனி கொட்டித் தீர்த்துவிட்டது. லோர்னா இருட்டோடு லாரியில் போய்விட்டார். அலுவலகத்துக்குப் புகைப்படம் எடுக்க நானும் பிள்ளைகளின் பஸ்ஸிலேயே ஹாலிஸ்டர் போனேன்.

ஜூனியைக் கூட்டிப்போக வந்தவள் கோரா என்ற ஒல்லிப் பெண். வந்ததும் வராததுமாக, "சீக்கிரம் வா, மண்வெட்டி தீந்துடும்" என்று ஜூனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கேமராவோடு நானும் பின்னால் ஓடினேன்.

பின்பக்கம் நடந்து வருகிற பிள்ளைகளின் வாசல். அங்கே லோர்னா சொன்ன சுவர், என் மார்பு உயரத்துக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பிள்ளைகள் பனி மண்வெட்டிகளோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, காது மூடிய ரோமத் தொப்பியும் கழுத்தில் விசிலுமாகத் தலைமை ஆசிரியை மிஸஸ் வாங் நிற்கிறார். குள்ளமானவர். ரோட்டிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே தொப்பி மட்டும்தான் தெரியும்.

"கடைசித் தடவை லாரி போகட்டும். அதுவரைக்கும் கயிறைத் தாண்டினா இன்னிக்கு மண்வெட்டி கிடையாது!"

வளைவில் ஆரஞ்சு விளக்கு சுழன்றது. உடனே எல்லாப் பிள்ளைகளும் கட்டைவிரலைக் கீழே காட்டிக்கொண்டு "ஊ...ஊ..." என்று ஊளையிட ஆரம்பித்தார்கள். சுவர் மறைப்பதாலும் என்ஜின் சத்தத்தாலும் வண்டிக்குள் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

"வர்றான்! சுவர் அரக்கன் வர்றான்!"

"அரக்கா! இவ்வளவுதானா உன் பலம்?"

ஜூனி தொப்பியைப் பின்னால் தள்ளினாள். அவள் முழு முகத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"அது அரக்கன் இல்ல" என்றாள்.

"பின்ன என்ன?" என்றாள் கோரா.

"அரக்கி. எங்கம்மா."

"புளுகாத!"

"எங்கம்மா ஹாரன் எப்படி அடிப்பாங்கன்னு சொல்லட்டா? ரெண்டு குட்டி, ஒரு நீளம்."

சொல்லிவிட்டு அவள் சுவருக்கு மேலே தெரியும்படி எம்பி எம்பி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். லாரி சுவரை ஒட்டிக் கடகடவென்று வந்தது. வண்டிக்குள்ளே லோர்னாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ரெண்டு குட்டி, ஒரு நீளம். பிளேடு ஒதுக்கிய புதுப் பனி சுவர்மேல் பொத்தென்று விழுந்து அதை இன்னும் ஒரு சாண் உயர்த்தியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பனி உதிர்ந்தது.

கொஞ்ச தூரம் போய் லாரி நின்றது. லோர்னா இறங்கி வேகவேகமாக நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வருகிறார் என்று தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இங்க பொறுப்பான ஆள் யாரு?" என்றார்.

ரோமத் தொப்பி நகர்ந்தது. "நான்தாங்க. நீங்கதான் எங்க அரக்கனா? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"நன்றியா? இந்த வாசலை ஏம்மா யாரும் எடுக்கல? மெஷின் இல்லையா உங்ககிட்ட?"

"ரெண்டு இருக்கு. காவலாளி அதை இந்தப் பக்கம் கொண்டு வந்தா பிள்ளைங்க அவரை ஒரு வாரம் மன்னிக்க மாட்டாங்க. முன்வாசல் அவருக்கு, பின்வாசல் எங்களுக்கு."

அவர் விசிலை ஊதினார். கயிறு விழுந்தது. பிள்ளைகள் ஏழெட்டுப் பேராகப் பிரிந்து சுவர்மேல் பாய்ந்தார்கள். கோரா ஒரு மண்வெட்டியை ஜூனியின் கையில் திணித்தாள்.

"கூட்டுச் சேருறது எப்படி? சிநேகிதம் பாத்தா?" என்று கேட்டார் லோர்னா. குரல் இறங்கியிருந்தது.

"வாசலுக்கு வந்த வரிசைதான். யாரும் யாரையும் பொறுக்க முடியாது. அன்னிக்கு எந்தக் கூட்டத்தோட சுவரை உடைக்கிறாங்களோ, அந்தக் கூட்டத்தோடதான் மத்தியானம் ஒரே மேஜை. நனைஞ்ச கையுறையெல்லாம் அந்த மேஜைக்குப் பக்கத்துல ஹீட்டர்மேல காயும்."

"பஸ்ஸுல வர்ற பிள்ளைங்க?"

"அவங்களும் இறங்கினதும் இங்க ஓடி வந்துடுறாங்க, அதனாலதான் மண்வெட்டி பத்தாம போகுது."

"பனி இல்லாத மாசத்துல என்ன பண்ணுவீங்க?"

"பாதி வருஷம் பனி கொட்டுற விஸ்கான்சின்ல இருந்துட்டு நீங்களே அப்படிக் கேக்கலாமா? அதுக்குள்ள பழகிடுவாங்கம்மா."

லோர்னா ஒரு கையைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வைத்த சுவர். கோட்டுப் பைக்குள் இருந்த ரேடியோ கரகரத்தது. ரஸ்ஸின் குரல். "லோர்னா, உன் லாரி நடு ரோட்டுல நிக்குதுன்னு திரையில காட்டுது. பசிக்குதுன்னு அங்கயும் சாப்பிடப் போயிட்டியா?"

"வாயை மூடுடா, வர்றேன்" என்றவர் என்னிடம் திரும்பினார். "எனக்கு இன்னும் ரெண்டு ரோடு பாக்கி. நீ இங்கதானே இருப்ப? மத்தியானம் பாத்துட்டுச் சொல்லு. எதையும் கூட்டிச் சொல்லாத, குறைச்சும் சொல்லாத."

மத்தியானம் நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றேன். ஜூனியின் மேஜையில் ஏழு பேர். அந்தச் சுவர் எப்படி உண்டாகிறது என்று அவள் ஒரு ரொட்டித் துண்டைப் பிளேடாகவும் மசித்த உருளைக்கிழங்கை ரோடாகவும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "இருட்டுல மான் குறுக்க வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று ஒருவன் கேட்டான். "எங்கம்மா அதுகிட்ட ஸாரி கேப்பாங்க" என்றாள். ஒரு பையனுக்குச் சிரிப்பில் மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. மேஜையே அதைக் கொண்டாடியது.

வெளியே வந்து லோர்னாவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லு."

"சாப்பாட்டைப் பாதிக்கு மேல மிச்சம் வெச்சிட்டா" என்றேன்.

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"பேசிட்டே இருந்தா லோர்னா. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

போனில் லாரி என்ஜின் சத்தம். அதோடு மூக்கை உறிஞ்சும் சத்தம். "இந்த வண்டியில ஹீட்டர் சரியில்ல" என்றார். அன்று சாயங்காலமே ஈரக் கோட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஹாலிஸ்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூனி அங்கே சேர்ந்த முதல் குளிர்காலத்தில் லோர்னாவுக்கு ஒரு பாசம் பொங்கிவிட்டது. மகள் படிக்கிற பள்ளி வாசலில் தானே சுவர் வைப்பதா என்று, ஷிப்டு முடிந்ததும் தன் சொந்த வண்டியில் சின்னப் பிளேடை மாட்டிக்கொண்டு வந்து, பிள்ளைகள் வருவதற்குள் சுவரை அடியோடு எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் கோராவும் ஜூனியும் இன்னும் சிலரும் லாரி ஷெட்டுக்கே மனு கொடுக்க வந்துவிட்டார்கள். ரஸ் வாசலில் நின்று, "லோர்னா, உன்மேல புகார்! வேலைய ஒழுங்கா செய்யிறியாம்!" என்று கத்தினார். அதற்குப் பிறகு லோர்னா சுவரைத் தொடவில்லை. ஹாலிஸ்டர் வளைவில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விட்டு, சுவர் சரியாக விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் இலையுதிர் காலத்தில் பனி லாரிகளின் பிளேடுகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் வண்ணம் தீட்டக் கொடுப்பார்கள். ஹாலிஸ்டர் பிள்ளைகள் லோர்னாவின் பிளேடைக் கேட்டு வாங்கினார்கள். பல் தெரியச் சிரிக்கிற ஒரு அரக்கி, தலையில் ஆரஞ்சுத் தொப்பி, கையில் சாப்பாட்டுத் தட்டு. நான் ஒவ்வொரு ஜனவரியும் அச்சடிக்கிற அட்டையில் இப்போது மத்தியானம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றக் கட்டங்களைவிட அதைப் படிக்கத்தான் பெற்றோர் அதிக நேரம் நிற்கிறார்கள்.

ஜூனி இப்போது ஹாலிஸ்டரில் எட்டாம் வகுப்பு. நிழல் நாளில் வருகிற பிள்ளைகளுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. லோர்னா அதே லாரியைத்தான் ஓட்டுகிறார், அதே ரோட்டில். வெள்ளிக்கிழமைகளில் போலிங் இடத்தில், ஜன்னலோர மேஜையில் இருப்பார்.